கழற்றிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்: போலி இலெக்ரிக் கிற்றாரைக் கண்டுபிடிக்கும் வழி

மாசி மாதக் கடைசியில் குருநகரில் இருந்து ஒரு பொடியன் தகப்பனோடு என் பட்டறைக்கு வந்தான். தகப்பன் கடற்றொழில். பொடியனுக்குப் பதினேழு வயது, கோயில் பாடகர் குழுவில் வாசிக்கிறவன். தோளில் இருந்த பையை இறக்கி மேசையில் வைத்துத் திறந்தான். உள்ளே மஞ்சளில் தொடங்கிச் சிவப்பில் முடியும் மினுக்கத்தோடு ஒரு லெஸ் போல், கிப்சன் கொம்பனியின் பெயர்போன இலெக்ரிக் கிற்றார் மொடல். தலையில் சிப்பி வெள்ளையில் 'கிப்சன்'.

"அங்கிள், சுருதி நிக்குதில்லை. ஒருக்காப் பாத்துத் தாங்கோ."

கையில் எடுப்பதற்கு முன்பே என் கண் தலையில் இருந்த மணி வடிவப் பிளாஸ்ரிக் மூடிக்குப் போய்விட்டது. அதில் மூன்று ஸ்குறூ இருந்தது. கிப்சன் லெஸ் போலில் அந்த மூடியை இரண்டு ஸ்குறூதான் பிடித்திருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று. மூடியைக் கழற்றினேன். உள்ளே பித்தளை நட் இருக்க வேண்டிய இடத்தில் எலன் கீ போடும் அறுகோணக் குழி. அதற்குப் பிறகு பார்க்க எதுவும் மிச்சமில்லை. ஆனாலும் தகப்பனை இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டினேன். ஒரு இலட்சத்து எண்பதாயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். கனடாவில் இருந்து மாமா கொண்டுவந்தது, கை நோவால் இனி வாசிக்க ஏலாது, அதுதான் மலிவாகக் கொடுக்கிறோம் என்று விற்றவர் ஃபோனில் சொல்லியிருக்கிறார்.

எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு தகப்பன் ஒன்றுதான் கேட்டார்: "அப்ப அண்ணை, இது கிற்றாரே இல்லையோ?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. அது கிற்றார்தான். கம்பி கட்டினால் சத்தம் வரும், பாட்டு வாசிக்கலாம். தலையில் எழுதியிருந்த பெயர் மட்டும்தான் பொய். அந்தப் பொய்க்குத்தான் ஒரு இலட்சத்துக்கு மேல் போயிருக்கிறது.

இன்னொருத்தர் வடிவமைத்ததைப் பார்த்துச் செய்து, தன் பெயரைப் போட்டு விற்பது களவு அல்ல. 1970களில் ஜப்பானில் இபனெஸ் பெயரில் கிப்சனின் அச்சு அசலான கிற்றார்கள் வந்தன. கிப்சனின் அப்போதைய தாய் நிறுவனமான நோர்லின் 1977இல் தலை வடிவத்துக்காக வழக்குப் போட்டு, அது சமரசத்தில் முடிந்தது. அந்தக் கிற்றார்களை இன்றைக்கும் தேடி வாங்குகிறார்கள். 'இபனெஸ்' என்று எழுதி 'இபனெஸ்' என்றே விற்றதால் வாங்கினவன் ஏமாறவில்லை. நான் இங்கே சொல்லப்போவது தலையில் வேறொருவர் பெயரைக் களவாக ஒட்டியவற்றைப் பற்றி மட்டும்.

போவதற்கு முன்

வேண்டியவை நாலு சாமான்கள்தான். சின்ன நட்சத்திர ஸ்குறூ டிரைவர் ஒன்று, மில்லிமீற்றர் போட்ட அடிமட்டம் ஒன்று, ஃபோனில் உள்ள ரோச், இருந்தால் ஒரு மல்ரிமீற்றர். மல்ரிமீற்றர் இல்லாவிட்டால் ரேடியோ திருத்துகிற யாரிடமாவது ஒரு நாள் இரவல் கேளுங்கள்.

விற்பவரிடம் முதலில் படம் கேளுங்கள். முழுக் கிற்றாரின் படம் எல்லாரிடமும் இருக்கும், அது உதவாது. தலையின் முன்பக்கம், தலையின் முதுகு, முதல் மூன்று பிரெற் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகக் கம்பி) இருக்கும் இடத்தில் கழுத்தின் முதுகு, உடலில் கம்பிகளைத் தாங்கும் பிறிட்ஜின் இரண்டு கால்கள், பின்பக்க மூடியைக் கழற்றிய உட்புறம். இந்த ஐந்து படத்தையும், இன்றைய பேப்பரையோ ஒரு துண்டில் எழுதிய திகதியையோ பக்கத்தில் வைத்து எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வலையில் கிடக்கும் படத்தை எடுத்து அனுப்புகிறவர் அந்தத் துண்டோடு நின்றுவிடுவார்.

கனடா மாமா, லண்டன் சித்தப்பா கதையை நான் முற்றாகத் தள்ளிவிடுவதில்லை. எங்கள் ஊருக்கு நல்ல கிற்றார் வந்ததெல்லாம் அப்படித்தான். ஆனால் மாமா என்று ஒருவர் இருந்தால் அவருக்கு வட்ஸ்அப்பும் இருக்கும். வாங்கின கடையின் பற்றுச்சீட்டு இருக்கிறதா, எந்த வருசம் வாங்கினது என்று அவரிடமே கேளுங்கள். உண்மையில் வாசித்தவர் என்றால் கிற்றாரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்.

கழற்றிப் பார்க்கலாமா என்பதையும் முதல் அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். கஸ்தூரியார் வீதியில் சங்கிலி விற்கப் போனால் உரைகல்லில் உரைக்காமல் ஒருவரும் காசு எண்ண மாட்டார்கள். அதற்காக யாரும் கோவித்துக்கொண்டு எழும்பி வருவதில்லை. கிற்றாருக்கும் அதுதான் நியாயம். "கழட்டினா சவுண்ட் மாறும்", "கொம்பனி சீல் உடையும்" என்று ஒருவர் சொன்னால் அந்த அழைப்பை முடித்துக்கொள்ளுங்கள். பின்மூடியைக் கழற்றிப் பூட்டினால் எந்தக் கிற்றாரின் சத்தமும் மாறாது.

கிப்சன் என்று சொன்னால்

எங்கள் பக்கத்தில் அதிகம் வரும் போலி லெஸ் போல்தான். அமெரிக்காவில் புதிய லெஸ் போல் ஸ்ராண்டர்ட் ஒன்று 2500 டொலருக்கு மேல். அதை எங்கள் காசாக்கிப் பார்த்துவிட்டு விற்பவர் சொல்லும் விலையோடு ஒப்பிடுங்கள். பாவித்தது, கீறல் விழுந்தது என்று குறைத்தாலும் அது ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்காது. உடைந்து ஒட்டியதாக இருந்தால் இறங்கலாம்.

தலையில் தொடங்குங்கள். மூடியில் எத்தனை ஸ்குறூ என்று சொல்லிவிட்டேன். இரண்டு இருந்தாலும் கழற்றுங்கள், ஏனென்றால் இப்போது வரும் போலிகளில் அதையும் திருத்தி இரண்டாக்கிவிட்டார்கள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியை, அதாவது டிரஸ் ரொட்டை, இறுக்குவதற்கு கிப்சனில் வெளியே தெரியும் அறுகோணப் பித்தளை நட் ஒன்று இருக்கும். 5/16 அங்குலக் குழல் சாவியால் அதை மேலாகக் கவ்வித் திருப்ப வேண்டும். போலிகளில் பெரும்பாலும் எலன் கீயை உள்ளே விட்டுத் திருப்பும் குழி. நட்டை மாற்றுவதென்றால் டிரஸ் ரொட்டையே மாற்ற வேண்டும், கழுத்தையே வேறு விதமாகச் செய்ய வேண்டும். அதனால் ஏமாற்றுகிறவர்கள் பலர் இன்னும் இந்த இடத்தை அப்படியே விட்டிருக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

பிறகு கழுத்தைத் திருப்பி முதுகைப் பாருங்கள். லைற்றை அணைத்துவிட்டு ரோச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். கிப்சனின் கழுத்து பெரும்பாலும் தலை வரைக்கும் ஒரே மரம். அந்த மரத்தின் அகலம் தலைக்குப் போதாது என்பதால் தலையின் இரண்டு கரையிலும் சின்னச் சின்னத் துண்டு ஒட்டுவார்கள். ஆகவே தலையின் முதுகில் கரையோரமாக நீளவாக்கில் மெல்லிய கோடு தெரிந்தால் பயப்படாதீர்கள், அது இருக்க வேண்டிய கோடு. கழுத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போகும் நேர்க்கோடு தெரிந்தால் அது வேறு கதை. மரத்தை மிச்சம் பிடிப்பதற்காகத் தலையைத் தனியாகச் செய்து சாய்வாக ஒட்டியிருக்கிறார்கள். மலிவான கிற்றாரில் அது நல்ல, பலமான முறை. கிப்சன் என்று எழுதிய கிற்றாரில் அது பொய்யின் கையெழுத்து.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கிப்சனின் தலை பெரும்பாலும் 17 பாகை சாய்ந்திருக்கும், விழுந்தால் கழுத்தோடு சேரும் இடத்தில் உடையும். உண்மையான கிப்சன்களிலேயே உடைந்து ஒட்டியவை நிறைய. அந்த ஒட்டின் கோடும் அதே இடத்தில்தான் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், உடைந்த கோடு மரத்தின் நாரைப் பின்தொடர்ந்து கோணல்மாணலாக ஓடும். வாளால் வெட்டி ஒட்டிய கோடு அடிமட்டம் வைத்தது போல நேராக இருக்கும். விரலால் தடவாமல் கண்ணால் பாருங்கள், அரக்கு பூசிய பிறகு விரலுக்கு இரண்டும் ஒன்றுதான். கழுத்தின் முதுகு முழுக்க மரம் தெரியாமல் தடித்த கபில நிறம் அடித்திருந்தால் இந்தக் கோட்டை மறைக்கத்தான் அடித்தார்களோ என்று யோசியுங்கள்.

குருநகர்ப் பொடியனின் கிற்றாரில் அந்தக் கோடு இரண்டாவது பிரெற்றுக்கு நேர் கீழே இருந்தது. ரோச்சை நான் பிடிக்க, அவனே விரலை வைத்துக் காட்டினான்.

உடலுக்கு வந்தால், முகத்தில் புலிக்கோடு போல ஓடும் மேப்பிள் மரத்தின் அலையைப் பாருங்கள். கிற்றாரை யன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சரியுங்கள். உண்மையான மரத்தில் வெளிச்சமான கோடு இருண்டு, இருண்ட கோடு வெளிச்சமாகும், பட்டுச் சேலையைத் திருப்பிப் பார்ப்பது போல. கடதாசியில் அச்சடித்து ஒட்டினது எந்தப் பக்கம் சரித்தாலும் அசையாது. மெல்லிய மரத் தோலை ஒட்டியிருந்தால் அதுவும் அசையும், அதனால் அசைகிறது என்பதை மட்டும் வைத்து நல்லது என்று முடிவெடுக்க வேண்டாம். அசையாவிட்டால் அத்தோடு விட்டுவிடலாம்.

பிறிட்ஜ் நிற்கும் இரண்டு கால்களில் ஸ்குறூ டிரைவர் போடுவதற்குப் பெரிய வெட்டு இருந்து, காலும் தடிப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள். லெஸ் போலில் பெரும்பாலும் மெல்லிய கால், விரலால் சுற்றும் சில்லு. பிரெற் கம்பியின் நுனியையும் பாருங்கள். கழுத்தின் கரையில் வெள்ளைப் பட்டி போட்ட கிப்சன்களில் அந்தப் பட்டி ஒவ்வொரு பிரெற்றின் நுனியையும் சின்ன மேடாக மூடி நிற்பதுதான் பல காலமாக வழக்கம். சாதாரண மொடல்களில் 2014 அளவில் அதைக் கைவிட்டார்கள். ஆகவே 1990களின் கிற்றார் என்று சொல்லி, பிரெற் நுனி பட்டிக்கு மேலாக வெளியே வந்திருந்தால், முதலில் பிரெற் மாற்றியதா என்று கேளுங்கள். மாற்றவில்லை என்றால் வருசம் பொய், அல்லது கிற்றார் பொய்.

பிரெற் நுனி கையைக் கிழிக்கிறது, அதனால் போலி என்று ஒரு கதை ஊரில் உலாவுகிறது. அதை நம்பாதீர்கள். கனடா வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீற்றர் ஓடும், காற்று காய்ந்துபோகும், மரம் சுருங்கும், இரும்பு சுருங்காது. அங்கிருந்து வந்த நல்ல கிற்றாருக்கும் பிரெற் நுனி துருத்தி நிற்கும். எங்கள் ஒரு மாரி கழிந்தால் மரம் ஈரம் குடித்துக் கொஞ்சம் உப்பிச் சரியாகும்.

ஃபென்டர் என்று சொன்னால்

இது எனக்கே நடந்தது. 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத வருசங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். ஈயம் பற்றவைக்கப் பழகியது அந்த டைனமோக்களில்தான். 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருசம் சுவிஸில் இருந்த அக்கா அனுப்பிய காசோடு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஒரு கடையில் ஃபென்டர் ஸ்ராற்றோகாஸ்ரர் வாங்கினேன். அக்கா அங்கே கோப்பை கழுவிச் சேர்த்த காசு. ஒன்றரை வருசம் அதை ஃபென்டர் என்றே வாசித்தேன். ஒரு நாள் பிரெற் மட்டம் பார்க்கக் கழுத்தைக் கழற்றினேன். கழுத்தின் அடியில் ஃபென்டரின் எந்த முத்திரையும் இல்லை. தலையில் இருந்த எழுத்தின் ஓரத்தில் நகத்தை வைத்து இழுத்தால் மெல்லிய தட்டு. கொஞ்சம் சுரண்டியதும் ஒரு எழுத்து தோலோடு உரிந்து வந்தது. அதற்குக் கீழே வேறு ஒரு பெயரைத் தேய்த்த மங்கல் தெரிந்தது. பற்றுச்சீட்டில் கடைக்காரர் 'கிற்றார் 1' என்று மட்டுமே எழுதியிருந்தார். அக்காவுக்கு இன்று வரை நான் அதைச் சொல்லவில்லை.

ஃபென்டரில் நடக்கும் ஏமாற்று கிப்சனில் நடப்பது போல அல்ல. தொடக்கத்திலிருந்தே போலியாகச் செய்ததும் உண்டு. ஆனால் ஃபென்டரின் மலிவு வரிசையான ஸ்குவையரை வாங்கி, அந்தப் பெயரைத் தேய்த்துவிட்டு 'ஃபென்டர்' என்று ஒட்டி விற்பதுதான் எளிய வழி. வடிவம், துளை, அளவு எல்லாம் சரியாக இருக்கும், ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால். ஆகவே தேய்த்த அடையாளத்தைத் தேட வேண்டும். தலையின் முகத்தை வெளிச்சத்துக்குச் சரித்து, எழுத்தைச் சுற்றி மினுக்கம் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு முதுகு. இந்தோனேசியாவில் செய்த பல ஸ்குவையர்களின் இலக்கம் 'ஐசிஎஸ்' என்று தொடங்கும், பக்கத்தில் செய்த நாட்டின் பெயரும் இருக்கும். அந்த இடம் மட்டும் மங்கலாக, நுண்ணிய கீறலோடு, கை பட்டால் கொஞ்சம் பள்ளமாக இருந்தால் அங்கே ஒரு காலத்தில் ஏதோ எழுதியிருந்தது.

எழுத்தின் ஓரம் நகத்துக்குத் தட்டுப்படுவது மட்டும் போதிய சாட்சி அல்ல. 1950கள், 60களின் ஃபென்டர்கள் பலவற்றில் எழுத்தை அரக்குக்கு மேலேதான் ஒட்டினார்கள். ஆனால் அந்தக் காலத்துக் கிற்றார் ஒன்றைத் திருநெல்வேலிச் சந்தியில் வைத்து உங்களிடம் ஒருவர் நீட்டப்போவதில்லை.

அடிமட்டத்தை எடுங்கள். முழு அளவு ஸ்ராற்றோகாஸ்ரரின், சுருக்கமாக ஸ்ராற்றின், உடல் தடிப்பு 44 அல்லது 45 மில்லிமீற்றர். ஸ்குவையரின் கீழ்வரிசைகளில் அது ஏறத்தாழ 40. கரை வளைந்திருப்பதால் இடுப்புப் பக்கத்தில் அளக்காமல், கேபிள் செருகும் பக்கத்தின் அடியில், தட்டையான இடத்தில் அளக்க வேண்டும். 40 என்றால் அது அமெரிக்க ஸ்ராற் அல்ல. 45 என்றால் தப்பிவிட்டது என்றும் இல்லை, ஸ்குவையரின் மேல்வரிசைகளும் முழுத் தடிப்பில் வருகின்றன.

சொந்தக்காரர் சம்மதித்தால் கழுத்தையும் கழற்றலாம். கம்பிகளை முதலில் நன்றாகத் தளர்த்துங்கள். பின்னால் நாலு ஸ்குறூ, மூலைக்கு மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக. கழுத்தின் அடியிலும் அது பொருந்தும் குழியிலும் மை முத்திரை, திகதி, தொழிற்சாலைக் குறிப்பு ஏதாவது தேடுங்கள். திரும்பப் பூட்டும்போது கவனம்: ஸ்குறூவை ஓட்டையில் வைத்ததும் வலப்பக்கம் திருப்பாதீர்கள். முதலில் இடப்பக்கம், கழற்றுவது போல, மெல்லச் சுற்றுங்கள். ஓர் இடத்தில் 'டிக்' என்று சின்னதாக ஒரு படி இறங்கும். மரத்தில் பழைய புரி தொடங்கும் இடம் அது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் பழைய பாதையிலேயே போகும். இல்லாவிட்டால் மரத்தில் புதுப் புரி வெட்டி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். வேறொருவரின் கிற்றாரை இளகவிட்டுவிட்டு வரக்கூடாது.

பின்மூடிக்குள்

லெஸ் போலில் முதுகில் உள்ள பெரிய மூடியையும், ஸ்ராற்றில் முன்னால் உள்ள வெள்ளைத் தகட்டையும் கழற்றினால் உள்ளே வொலியூம், ரோன் கொன்ட்ரோல்கள் தெரியும். அமெரிக்கக் கிற்றாரில் அவற்றின் முதுகு கிட்டத்தட்ட ஐந்து ரூபாய்க் குத்தி அளவு, 24 மில்லிமீற்றர் அளவில். மலிவானவற்றில் 16 மில்லிமீற்றர், பார்த்தவுடன் வித்தியாசம் தெரியும். பல அமெரிக்கக் கொன்ட்ரோல்களின் உலோக முதுகில் ஓர் இலக்கம் அடித்திருப்பார்கள். 137 என்று தொடங்கினால் சீரிஎஸ் நிறுவனம் செய்தது. அதன் பின்னால் வருவது வருசமும் வாரமும். 137 0823 என்றால் 2008ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 2001இல் வாங்கிய கிற்றார் என்று சொல்லி உள்ளே 2008 இருந்தால், யாராவது மாற்றிப் போட்டதா என்று கேட்க உங்களிடம் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது. 2008க்குப் பிந்திய சில கிப்சன்களில் வயருக்குப் பதில் மின்சுற்றுப் பலகை இருக்கும், அதைப் பார்த்துப் போலி என்று திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

பொடியனின் கிற்றாரில் முடி போன்ற மெல்லிய சிவப்பு, வெள்ளை வயர்கள், ஈயம் உருண்டையாகத் திரண்டு மங்கலாக. நல்ல பற்று என்றால் ஈயம் வழிந்து வயரோடு படிந்து மினுங்கும். திரண்டு மங்கிப்போனது சூடு போதாமல் வைத்தது. அப்படி ஒரு பற்று என் விரல் பட்டதும் விட்டுவிட்டது.

மல்ரிமீற்றர் இருந்தால் கிற்றாரில் கேபிளைச் செருகி, வொலியூமை முழுக்கத் திறந்து, கேபிளின் மறுநுனியில் முனையையும் உடலையும் தொட்டு அளந்து பாருங்கள். அளவு 20 கிலோ ஓமில் இருக்கட்டும். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை ஒவ்வொன்றாகத் தெரிவு செய்து பாருங்கள். கிப்சனின் இரட்டைச் சுருள் பிக்கப் பெரும்பாலும் 7 முதல் 8.5 கிலோ ஓம் காட்டும், ஸ்ராற்றின் ஒற்றைச் சுருள் 5.5 முதல் 6.5. இது பிக்கப் மாற்றியிருந்தாலும் மாறும், அதனால் இதைத் துணைச் சாட்சியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ராற்றின் பிக்கப்பைக் கவிழ்த்துப் பார்த்தால் இன்னும் சொல்லும். அமெரிக்க ஸ்ராற்றில் பெரும்பாலும் கம்பிக்குக் கீழே நிற்கும் ஆறு குச்சிகளே அல்னிக்கோ என்ற உலோகக் கலவையில் செய்த காந்தம். அடியில் கறுப்பு நிறத்தில் சவர்க்காரத் துண்டு போல ஒரு காந்தத்தை ஒட்டியிருந்தால் அது மலிவு வழி. மெக்சிக்கோவில் செய்த பழைய ஃபென்டர்களிலும் அப்படி இருக்கும், அதனால் 'அமெரிக்காவில் செய்தது' என்று சொல்லும் கிற்றாருக்குத்தான் இது குறை.

இலக்கத்தைக் கடைசியாகப் பாருங்கள்

எல்லாரும் முதலில் செய்வது தொடர் இலக்கத்தை வலையில் போட்டுப் பார்ப்பது. "நம்பர் அடிச்சுப் பாத்தன் அண்ணை, ஒறிஜினல்" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். போலி செய்கிறவனுக்கும் வலை இருக்கிறது. அவன் ஒரு நல்ல கிற்றாரின் இலக்கத்தைப் பார்த்து எழுதி, அதே இலக்கத்தை நூறு கிற்றாரில் போடுவான். இலக்கம் சரியாக இருந்தால் ஒன்றும் நிரூபணமாகாது. பிழையாக இருந்தால் மட்டும்தான் அது எங்களுக்கு உதவும்.

கிப்சனின் பெரும்பாலான சாதாரண அமெரிக்க மொடல்களில் 1977 முதல் 2005 வரை எட்டு இலக்கம். முதலாவதும் ஐந்தாவதும் சேர்ந்தால் வருசம், இடையில் உள்ள மூன்றும் அந்த வருசத்தின் எத்தனையாவது நாள் என்பது. 81237 என்று தொடங்கினால் 1987ஆம் ஆண்டின் 123ஆவது நாள், மே 3. 84517 என்று தொடங்கினால் 451ஆவது நாள், அப்படி ஒரு நாள் எந்த வருசத்திலும் இல்லை. 1994இல் செய்த பலவற்றின் இலக்கம் மட்டும் 94 என்றே தொடங்கும், அவற்றுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. 2005இன் நடுவில் ஒன்பது இலக்கமாக்கினார்கள், 2014இல் இருந்து சில வருசங்களுக்கு முதல் இரண்டு இலக்கமும் வருசத்தைக் காட்டின. சிறப்புப் பிரிவில் செய்யும் பழைய மாதிரிகளுக்கு வேறு கணக்கு. பெரும்பாலான சாதாரண மொடல்களில் இலக்கத்தையும் 'அமெரிக்காவில் செய்தது' என்பதையும் மரத்தில் அழுத்தி அடித்து, அதன் மேல் அரக்கு பூசுவார்கள். எழுத்தின் அடி மரத்துக்குள் பதிந்திருக்க வேண்டும்.

ஃபென்டரில் 2010க்குப் பிறகு 'யூஎஸ்' என்று தொடங்கி அடுத்த இரண்டு இலக்கம் வருசம், மெக்சிக்கோவுக்கு 'எம்எக்ஸ்'. அதற்கு முந்திய பத்து வருசம் மெக்சிக்கோவுக்கு 'எம்இசட்'. 'எம்எக்ஸ்' என்று இலக்கம் போட்டு அதற்குக் கீழே அமெரிக்காவில் செய்தது என்று எழுதிய ஒன்றை நான் என் கையாலேயே பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால்

விற்றவர் கடைக்காரர் என்றால் பற்றுச்சீட்டு, விளம்பரத்தின் படம், நீங்கள் கழற்றி எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடலாம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி பொய் வியாபாரக் குறியோடு பொருள் விற்பது குற்றம். தனி ஆள் விற்றிருந்தால் பொலிஸில் முறைப்பாடு செய்ய வேண்டும். உரையாடல்களை அழிக்காதீர்கள். இனிமேல் வாங்குகிறவர்கள் பற்றுச்சீட்டில் மொடலையும் தொடர் இலக்கத்தையும் 'அசல்' என்ற சொல்லையும் எழுதி வாங்குங்கள். எனக்கு 2003இல் அது தெரிந்திருக்கவில்லை.

நீங்கள் ஏமாந்த கிற்றாரை அதே பெயரில் இன்னொருத்தருக்கு மட்டும் விற்றுவிடாதீர்கள். அந்தக் காசும் இன்னொரு வீட்டில் யாரோ உழைத்த காசு.

ஒன்றரை இலட்சத்துக்குள் தேடுகிறவர்களுக்கு என் கருத்து: பெரிய பெயரைத் தேடாதீர்கள். யமஹாவின் பசிஃபிக்கா, ஸ்குவையர், எப்பிஃபோன் எல்லாம் தன் பெயரோடு நேர்மையாக வருகிறவை. எப்பிஃபோனை கிப்சன் 1957இல் வாங்கியது. லெஸ் போலை மலிவாகச் செய்து விற்க அவர்களுக்கே சொந்தமாக ஒரு பெயர் இருக்கிறது.

பொடியனின் கிற்றாரில் சுருதி நிற்காததற்குக் காரணம் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில் கம்பிகள் உட்காரும் பிளாஸ்ரிக் துண்டு, அதையும் நட் என்றுதான் சொல்வார்கள். வெட்டுகள் ஒடுக்கமாக இருந்ததால் கம்பி சிக்கி நின்றது. மாட்டெலும்பில் புதிதாக ஒன்று அராவிப் போட்டேன், விட்ட பற்றைத் திரும்ப வைத்தேன், பிரெற் நுனிகளைத் தட்டையாக்கினேன். ஒரு சனிக்கிழமை வந்து எடுத்துப் போனான். அடுத்த கிழமை திரும்பி வந்தான். தலையில் இருந்த பெயரை மணல்தாளால் தேய்த்துவிட்டு, அந்த இடத்துக்குக் கறுப்பு அரக்கு பூசித் தரச் சொன்னான்.

"என்ன பேர் போடட்டும்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வேண்டாம் அங்கிள்."

இரண்டு பூச்சுப் பூசிக் காயவைத்தேன். பாஸ்கு ஞாயிறில் அதைத்தான் கோயிலில் வாசித்தான்.